தனத்தின் கையில் சேர்க்கவும்

வேலூர் மத்திய சிறை
12.1.2024

அன்புத் தம்பி அர்ஜுனனுக்கு அண்ணன் தருமன் எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் உன் வீட்டுக்காரி கவியாவும் சுகமாக இருக்க, இங்கிருந்தே மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

நிற்க. உள்ளே வந்து மூன்று மாதம் ஆகிறது. செருப்புத் தைக்கும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். பதினைந்து வருடம் டீ ஆற்றிய கை, ஊசியைப் பிடித்தால் ஊசி சிரிக்கிறது. வாரம் ஒரு நாள் ஃபோன் பேச விடுகிறார்கள். உன் குரல் கேட்டதுமே நான் அழ ஆரம்பித்துவிடுகிறேன். பின்னால் வரிசையில் நிற்பவன், "சீக்கிரம் முடி நைனா" என்று முதுகில் தட்டுகிறான். அதனால் இனி உன்னிடமும் கடிதத்தில்தான் பேசப் போகிறேன். உன் அண்ணி தனத்தின் பழைய நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

இன்று தனத்துக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அவள் அம்மா வீடு அடி அண்ணாமலையில், நீ தபால் கொடுக்கும் தெருவில்தானே இருக்கிறது. அதை அவள் கையிலேயே கொடு. காசியம்மாள் அத்தையிடம் கொடுத்துவிடாதே. பெற்ற மகனை வாரிக் கொடுத்தவள். அடுப்பில் போட்டாலும் நான் அவளைத் தப்புச் சொல்ல முடியாது.

தனத்தின் தம்பி வல்லரசு செத்து இருபத்தொரு மாதம் ஆகிறது. பௌர்ணமிக்கு டீ வண்டியை எங்கே நிறுத்துவது என்று ஆரம்பித்த பேச்சு. மச்சான் என்ற உரிமையில் அவன் ஒரு வார்த்தை விட்டான், நான் நெஞ்சைப் பிடித்துத் தள்ளினேன். சிறுபாலத்துக் கட்டையில் தலை இடிக்கும் என்று நான் கண்டேனா? போலீசிடம் சொன்னேன், கோர்ட்டில் சொன்னேன். சொல்ல வேண்டியவளிடம் மட்டும் இதுவரை சொல்லவில்லை. அன்று நம் பாப்பா சிந்துஜாவைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டாம், எழுத்தையாவது படிக்கட்டும்.

கொடுத்ததும் எனக்கு ஒரு வரி எழுது.

உன் அண்ணன்,
தருமன்

•

(எழுதி, அனுப்பாமல் வைத்தது)
வேங்கிக்கால்
19.1.2024

அன்பு அண்ணா,

கவியா தூங்கிவிட்டாள். நலம் விசாரித்து ஆரம்பிக்கத் தோன்றவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நேற்று பதினொன்றரை மணிக்கு அண்ணி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அண்ணி முறத்தை வைத்துவிட்டு வந்தார்கள். கடிதத்தை அவர்கள் கையில்தான் கொடுத்தேன். ஜெயில் முத்திரையைப் பார்த்ததும் முகம் சிவந்துபோனது. "இந்தக் கையெழுத்து இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது தம்பி. எங்கம்மா வயிறாரத் துன்னு எத்தினி நாள் ஆவுது தெரியுமா? எடுத்துக்கினு போங்க. இனிமே எடுத்தாராதீங்க" என்று தெருவில் விட்டெறிந்தார்கள். நான் குனிந்து பொறுக்கினேன். எதிர்வீட்டில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

இப்படி நடந்தால் எங்கள் வேலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். உறையின் மேல் "வாங்க மறுப்பு" என்று எழுதி, தேதி போட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிட வேண்டும். பதினான்கு வருடத்தில் எத்தனையோ வக்கீல் நோட்டீசுக்கு இதைக் கண் இமைக்காமல் எழுதியிருக்கிறேன். இன்று ஆபீசில் பேனாவை மூன்று முறை திறந்து மூன்று முறை மூடினேன். அங்கே நீ அந்த உறையைக் கையில் வாங்கிப் பார்ப்பாய் என்று நினைத்தால் எனக்கு எழுத வரவில்லை அண்ணா.

கடிதம் பீரோவில் இருக்கிறது. பிரிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்த பாவம் எனக்கு இதுவரை இல்லை. அண்ணியின் கோபம் ஆறட்டும், அப்போது கொடுக்கிறேன்.

அர்ஜுனன்

•

வேங்கிக்கால்
20.1.2024

அன்பு அண்ணாவுக்குத் தம்பி அர்ஜுனன் வணக்கம். நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பனிக்கு உனக்கு இருமல் வரும், தலையில் துண்டு கட்டிக்கொள்.

அண்ணிக்கு வந்த கடிதத்தை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். சிந்துஜா இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் காற்றுதான் வருகிறது.

என் பிழைப்பு வழக்கம்போல்தான். கடிதம் என்று எழுதுபவர்கள் குறைந்துவிட்டார்கள். பை நிறையப் பார்சலும் பாங்கு கடிதமும்தான். முதியோர் பணத்துக்கு ரேகை வைக்கும் மெஷினை நான்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். கரும்பு வெட்டித் தேய்ந்த விரலில் மெஷினுக்கு ரேகை எங்கே கிடைக்கும்? நேற்று ஒரு தாத்தா பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, "கால் கட்டை விரலு வெச்சா ஒத்துக்குமா பாரு" என்று காலைத் தூக்கினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.

அன்புத் தம்பி,
அர்ஜுனன்

•

வேலூர்
9.3.2024

பாசமுள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது. உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. கவியாவுக்கு முதுகுவலி தேவலையா?

"அவர்கள் கையிலேயே கொடுத்தேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிக்காகவே கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஆனால் தபால்காரன் புத்தி உன்னை விட்டுப் போகுமா? கொடுத்ததோடு உன் வேலை முடிந்தது. அவள் அங்கேயே பிரித்தாளா, உள்ளே கொண்டுபோனாளா, அழுதாளா, ஒன்றையும் காணோம்.

அதற்குப் பிறகு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். பதில் வரவில்லை, பரவாயில்லை. இங்கே என் பக்கத்துப் பாயில் கீழ்பென்னாத்தூர்க்காரர் அருணகிரி இருக்கிறார். அவர் மனைவிக்கு எழுதியது "வாங்க மறுப்பு" என்று திரும்பி வந்தது. இரண்டு நாள் அவர் சோறு உண்ணவில்லை. எனக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. அப்படியானால் தனம் வாங்கிக்கொள்கிறாள் என்றுதானே அர்த்தம்? மறுத்தால் திருப்புவதுதான் சட்டம் என்று நீதான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். வாங்கிக்கொள்கிறவள் ஒருநாள் எழுதாமலா போவாள்.

ஒருமுறை மனு போட்டு என்னைப் பார்க்க வா. உன் வாயால் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

தருமன்

•

வேங்கிக்கால்
2.4.2024

அன்பு அண்ணா, வணக்கம். கவியாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. வெயில் ஏறிவிட்டது, நிறையத் தண்ணீர் குடி.

மனு பார்க்க வர ஆசைதான். தேர்தல் வேலை வந்துவிட்டது, லீவு கேட்டால் எரிந்து விழுகிறார்கள். அது முடிந்ததும் பார்க்கலாம்.

அண்ணி எழுதவில்லை என்று வருத்தப்படாதே. அத்தை இருக்கும் வீட்டில் அவர்கள் எப்படி உட்கார்ந்து எழுதுவார்கள்? அத்தை இன்னமும் வல்லரசு சட்டையைத் துவைத்துக் கொடியில் காயப்போடுகிறார்கள். அதை நானே கண்ணால் பார்த்தேன். நீ இவ்வளவு அடிக்கடி எழுத வேண்டாம் அண்ணா. கொஞ்ச நாள் விட்டு எழுது.

வேறு விசேஷம் இல்லை. உன் பிரிவில் மேஸ்திரி எப்படி?

அர்ஜுனன்

•

வேலூர்
23.6.2024

அன்புத் தம்பி அர்ஜுனனுக்கு ஆசிகள். இங்கே நான் நலம். நீ இளைத்துப்போனாய் என்று நம்மூர்க்காரர் ஒருவர் மனு பார்க்க வந்தபோது சொன்னார். வேளைக்குச் சாப்பிடு.

விட்டு எழுது என்றாய். என்னால் முடியவில்லையடா. இதுவரை எட்டு எழுதிவிட்டேன். வல்லரசு முதன்முதலில் என் கடையில் கிளாஸ் கழுவ வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாத கதை எவ்வளவோ இருக்கிறது. அவன் எனக்கு மச்சானாவதற்கு முன்பே சிநேகிதன். அவளுக்கு என்னைக் கட்டிவைக்கச் சொல்லி அத்தையிடம் அடி வாங்கியவனே அவன்தான். இதையெல்லாம் நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

இப்போது எனக்குத் தையல் வந்துவிட்டது. சிந்துஜாவுக்கு ஒரு ஜோடி தைத்து வைக்கலாம் என்று ஆசை. கால் அளவை ஒரு தாளில் வரைந்து அனுப்பச் சொல்லித் தனத்துக்கு எழுதினேன். ஒரு மாதமாகக் காணோம். அதற்குக்கூட மனம் வரவில்லை போலிருக்கிறது. நீயாவது பள்ளிக்கூடத்தில் பார்த்து வரைந்து அனுப்பு.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அவள் என் கடிதத்தைப் படிக்கிறாளா? படிக்கவில்லை என்றாலும் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

தருமன்

•

வேங்கிக்கால்
14.8.2024

அன்பு அண்ணாவுக்கு வணக்கம். உடனே எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் சுகம்.

இத்துடன் சிந்துஜாவின் கால் அளவு. மதிய உணவு நேரத்தில் போய் ஒரு பழைய படிவத்தின் பின்பக்கம் வரைந்தேன். காலில் பேனா பட்டதும் கூச்சத்தில் நெளிந்துவிட்டாள். அதனால் சுண்டுவிரல் பக்கம் கோடு கொஞ்சம் கோணல். அரை விரல் சேர்த்தே வெட்டு.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது. அவர்கள் மனசில் இருப்பதை நான் எப்படிச் சொல்ல முடியும்?

மற்றபடி வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறார்கள். கொஞ்ச நாளாக நான் போகும் நேரத்துக்கு அண்ணி வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். போன வாரம், "எதுனா இருக்குதா தம்பி?" என்று கேட்டார்கள். அத்தையின் ஆதார் அட்டைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அது இன்னும் வந்து சேரவில்லை. "வந்ததும் நானே எடுத்தாறேன் அண்ணி" என்று சொல்லியிருக்கிறேன். அவசரம் அவர்களுக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அர்ஜுனன்

•

வேலூர்
16.12.2024

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுவது. உன்னிடமிருந்து கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தீபத்தன்று இங்கே மாடிப்படி ஓரம் நின்று திருவண்ணாமலைப் பக்கமாகப் பார்த்தேன். என்ன தெரியும், இருட்டுதான் தெரிந்தது. கும்பிட்டுக்கொண்டேன்.

நல்ல சேதி சொல்கிறேன். ரிமாண்டில் இருந்த நாள், நன்னடத்தைக்குக் கழிக்கும் நாள் எல்லாம் போக ஜனவரி 8, புதன்கிழமை காலை என்னை விடுகிறார்கள்.

தனத்துக்கு இன்று கடைசியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். இது பன்னிரண்டாவது. இதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன், அது எனக்கும் அவளுக்கும். ஆனால் மற்ற பதினொன்றும் தாமதமானாலும் பரவாயில்லை, இது எட்டாம் தேதிக்குள் அவள் கையில் சேர வேண்டும். உன்னிடம் இதைச் சொல்வதே அதிகப்படி. ஒன்றையும் நீ தவறவிட்டதில்லை.

அன்றைக்கு நீ ஜெயில் வாசலுக்கு வராதே. வர வேண்டியவளுக்கு எழுதியிருக்கிறேன். கோபப்படாதே தம்பி. உன்னைப் பார்க்கக்கூடாது என்று இல்லை. நீ நின்றால் நான் உன் தோளில் சாய்ந்துவிடுவேன். அவள் வந்தாளா இல்லையா என்று தனியாக நின்று பார்க்க வேண்டும்.

தருமன்

•

(எழுதி, அனுப்பாமல் வைத்தது)
வேங்கிக்கால்
22.12.2024

அண்ணா,

பன்னிரண்டாவது கடிதம் வியாழக்கிழமை காலை கட்டுப் பிரிக்கும்போது வந்தது. மற்றவை மாதிரி இதையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

கொடுத்துவிடலாம் என்று மூன்று நாளும் போனேன். வெள்ளிக்கிழமை வண்டியைக்கூட நிறுத்தினேன். அண்ணி வாசலில்தான் நின்றார்கள். இதை வாங்கிப் பிரித்தால், "இதுக்கு முன்னாடி எழுதினேனே" என்று நீ எழுதியிருப்பாய். மற்றவை எங்கே என்று கேட்பார்கள். மறுத்தது ஒரு கடிதம்தானே, மற்றதைக் கொண்டுவந்து காட்டினாயா என்று கேட்டால் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? முதல் தடவை தெருவில் விட்டெறிந்த கோபத்தை மட்டும் நம்பி, அதற்குப் பிறகு நான் ஒருமுறைகூட அவர்களிடம் நீட்டவே இல்லை அண்ணா. நீட்டிப் பார்க்காமலே வருஷம் ஓடிவிட்டது. ஆபீசில் தெரிந்தால் வேலை போய்விடும். அதைவிட உனக்குத் தெரிவதுதான் பயமாக இருக்கிறது.

எட்டாம் தேதி நீ எப்படியும் நம் வீட்டுக்குத்தானே வருவாய். வந்ததும் உன் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லி, பன்னிரண்டையும் உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். நாம் இரண்டு பேருமாகப் போய் அண்ணியிடம் கொடுக்கலாம். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இதுதான் சரி என்று தோன்றுகிறது. கவியா உனக்காக இப்போதே புதுப் பாய் வாங்கி வைத்திருக்கிறாள்.

அர்ஜுனன்

•

வேங்கிக்கால்
13.1.2025

அன்புள்ள அண்ணிக்கு அர்ஜுனன் எழுதுவது. உங்களையும் அத்தையையும் நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

இந்தக் கட்டுக்குள் இருப்பது அண்ணன் உங்களுக்கு எழுதிய பன்னிரண்டு கடிதங்கள். முதல் கடிதத்தை நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அதைத் திருப்பி அனுப்பினால் அண்ணன் நொந்துபோவான் என்று வைத்துக்கொண்டேன். அடுத்து வந்ததையும் நீங்கள் வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள் என்று நானே முடிவு செய்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. ஒன்றையும் பிரித்துப் படிக்கவில்லை. அது ஒன்றுதான் நான் சொல்லிக்கொள்ள முடிந்தது.

எட்டாம் தேதி அண்ணன் விடுதலை. என்னை வர வேண்டாம் என்று எழுதியிருந்தான். இரவு வரைக்கும் பார்த்தேன், வரவில்லை. மறுநாள் வேலூர் போனேன். வாசலில் பழம் விற்கும் அம்மா சொன்னார்கள்: "சாய்ங்காலம் வரைக்கும் அந்த மரத்தடியிலியே நின்னுக்கினு இருந்தாருப்பா. ஆட்டோ வந்து நின்னா எட்டி எட்டிப் பாத்தாரு. ஒரு டீகூட குடிக்கல. அப்பறம் ஸ்டேஷன் பக்கமா நடந்து பூட்டாரு." நான்கு நாளாகத் தேடுகிறேன். சொந்தக்காரர் வீடு எதிலும் இல்லை. எங்கே போவதாக உங்களுக்கு எழுதியிருந்தானா என்று பாருங்கள். அதற்காகத்தான் இப்போதாவது கொடுக்கிறேன்.

நேரில் கொடுக்கத் தைரியம் இல்லை. சிந்துஜாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அர்ஜுனன்

•

அடி அண்ணாமலை
17.1.2025

அர்ஜுனன் தம்பிக்குத் தனம் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

உங்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காததால் தபாலில் போடுகிறேன். நீங்களே கட்டுப் பிரித்து, உங்கள் பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்வீர்கள்.

பன்னிரண்டையும் தேதி பார்த்து வரிசையாக வைத்துப் படித்தேன். பொங்கல் வைக்கவில்லை. அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். என் தம்பி வல்லரசு அவருக்காக அம்மாவிடம் அடி வாங்கிய கதையைக் கேட்டு அம்மா வாய்விட்டு அழுதாள். அவன் செத்ததிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

முதல் கடிதத்தை நான் தூக்கி எறிந்தது நிஜம். அன்று என் தம்பியின் பிறந்தநாள், உங்களுக்குத் தெரியாது. எறிந்த இருபது நாளில் எனக்கு மனம் மாறிவிட்டது. ஆனால் நானாக எழுதினால் செத்தவனுக்குத் துரோகம் செய்த மாதிரி இருக்கும். அவர் எழுதி, நான் படித்தால் அது வேறு. அதற்காகத்தான் நின்றேன். பதினொன்றரைக்கு உங்கள் வண்டிச் சத்தம் கேட்டால் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவேன். நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவீர்கள். ஒருநாள் வெட்கத்தை விட்டு, எதுனா இருக்குதா தம்பி என்று கேட்டேன். ஆதார் அட்டை இன்னும் வரவில்லை என்றீர்கள். ஆதாருக்கு யாராவது தினமும் வாசலில் நிற்பார்களா தம்பி? பாப்பாவின் கால் அளவை எடுத்துக்கொண்டு போனீர்கள் என்று அவள் சொன்னபோதும், நீங்கள் ஏதோ வாங்கித் தரப்போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆவணி மாதம் என் அம்மாவே கேட்டாள்: "உன் ஊட்டுக்காரன் ஒரு கடுதாசிகூடப் போடலியாடி? எம்புள்ளைய முழுங்கிட்டு அந்த அளவுக்குக் கல்லாயிட்டானா?" நான் இல்லை என்றேன். அன்றைக்குத்தான் நான் அவரை மனசிலிருந்து இறக்கி வைத்தேன். இறக்கி வைத்துவிட்டு இரவெல்லாம் அழுதேன்.

எங்கே போவதாகக் கடிதத்தில் எழுதியிருந்தார் என்று கேட்டீர்கள். கடைசிக் கடிதத்தில், எட்டாம் தேதி காலை ஜெயில் வாசலில் வந்து நில் என்று எழுதியிருக்கிறார். பேச வேண்டாம், காறித் துப்பினாலும் சரி, வந்து நின்றால் உன் பின்னாலேயே ஊருக்கு வருகிறேன், வராவிட்டால் நீ படித்துப் பார்த்து எடுத்த முடிவு என்று தெரிந்துகொண்டு, இனி உங்கள் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறேன், வல்லரசுக்கு நான் செய்ய முடிந்த மரியாதை அதுதான் என்று எழுதியிருக்கிறார். எங்கே போவார் என்று எழுதவில்லை. இதை நான் படித்தது பதின்மூன்றாம் தேதி.

தம்பி, உங்கள் அண்ணன் தள்ளினார், என் தம்பி செத்தான். அது ஒரு நிமிடக் கோபம். நீங்கள் ஒவ்வொரு மாதமும் யோசித்து யோசித்துச் செய்தீர்கள். அவருக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் ஆறவில்லை.

அவரைத் தேடிக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம். நான் வாசலில்தான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

தனம்

•

21.2.2025

அன்புத் தம்பி அர்ஜுனனுக்கு அண்ணன் தருமன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் கவியாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

சொல்லாமல் வந்துவிட்டேன் என்று தேடி அலைந்திருப்பாய். என்னை மன்னித்துவிடு. ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்திருக்கிறேன். இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர். டிரைவர் நல்ல மனுஷன், பாஷைதான் பாதி புரியவில்லை. வடக்கே போய்க்கொண்டிருக்கிறோம். இதை வழியில் ஏதோ ஒரு பெட்டியில் போடுகிறேன். விலாசம் போடவில்லை. போடும்படி எனக்கு ஒரு இடமும் இல்லை.

தனத்தின் மேல் கோபப்படாதே. அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்காதே. அன்று வாசலில் நின்றபோது மத்தியானம் வரை எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஆனதும் புரிந்துவிட்டது. பன்னிரண்டு கடிதத்தில் ஒன்றைக்கூட அவள் திருப்பி அனுப்பவில்லை. எல்லாவற்றையும் வாங்கி, முழுசாகப் படித்துவிட்டு, யோசித்துத்தான் வரவில்லை. தெரியாமல் இருந்தால் என் மனசு கிடந்து அடித்துக்கொண்டிருக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, அவள் தீர்ப்பும் வந்துவிட்டது. அதனால்தான் என்னால் விட்டுவிட்டு வர முடிந்தது.

சிந்துஜாவின் படிப்பை மட்டும் நீ பார்த்துக்கொள். அவர்கள் வீட்டுக் காரியம் எதுவானாலும் முன்னால் நில். என்னைத் தேடாதே.

உள்ளே எத்தனையோ பேர், எழுதியது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பார்கள். அருணகிரி என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவார். எனக்கு அந்தக் கவலை ஒருநாளும் இருந்ததில்லை. எழுதிப் பெட்டியில் போட்டதும் நிம்மதியாகப் படுத்துத் தூங்குவேன். என் தம்பி போஸ்ட்மேன், அவன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். பெண்டாட்டி வரவில்லை, ஊர் வரவில்லை. இந்த ஜென்மத்தில் எனக்கு உண்மையாக இருந்தவன் நீ ஒருத்தன்தான் அர்ஜுனா. அதற்கு உனக்கு நான் என்ன செய்யப் போகிறேன்.

உன் அண்ணன்,
தருமன்